பிக்கியின் உண்மையான பெயர் என்ன?

தலைப்பு: மனிதனை மனிதனாக வைத்திருப்பது சட்டத்தின் பயமா? மனத்தின் ஈரமா?
'மனத்தின் ஈரமே' அணியில் மூன்றாவதாகப் பேசிய கல்லூரி மாணவரின் உரை



ஐயா, எதிரணியில் பேசிய வழக்கறிஞர் அம்மா ரொம்ப அழகாப் பேசினாங்க. "அடியாத மாடு படியாது"ன்னு ஆரம்பிச்சாங்க. "போலீஸ்காரர் நிக்கிற சிக்னல்ல எல்லாரும் நிக்கிறோம், அவர் டீ குடிக்கப் போனா நாம பறந்துடுறோம்"னாங்க. எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். ஏன்னா நான் இன்னிக்கு வரும்போது அப்படித்தான் பறந்து வந்தேன். (சிரிப்பு)

அந்த அம்மா ஒரு புத்தகத்தையும் சொன்னாங்க. வில்லியம் கோல்டிங் எழுதின 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்'. ஈக்களின் அரசன். "பெரியவங்க இல்லாத தீவுல, சட்டம் இல்லாத தீவுல, சின்னப் பிள்ளைங்களே ஒருத்தரை ஒருத்தர் கொன்னாங்க. ஆகவே சட்டம் வேணும்"னு முடிச்சிட்டு உட்கார்ந்துட்டாங்க.

அம்மா, உங்களுக்கு என் நன்றி. அந்தப் புத்தகத்தை நான் எப்படி இழுத்துக்கிட்டு வர்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நீங்களே தூக்கி என் கையில கொடுத்துட்டீங்க. (கைதட்டல்)

ஏன் சொல்றேன்னா, அந்தப் புத்தகத்தை நாங்க பத்துப் பேர் சேர்ந்து படிச்சவங்க. எங்க கல்லூரியில ஆங்கிலப் பேராசிரியர் ஒருத்தர் இருக்கார். போன வருஷம், நாங்க இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, "பாடத்துக்காகப் படிக்கிறதை விடுங்கடா, ஒரே ஒரு கதையையாவது முழுசாப் படிங்க"ன்னு எங்களைப் பிடிச்சு உட்கார வச்சார். அந்த நாவல்ல பன்னிரண்டு அத்தியாயம். பன்னிரண்டு சனிக்கிழமை. மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும், தூங்குற நேரத்துல, நூலகத்துக்குப் பின்னால இருக்கிற அறையில ஒரு அத்தியாயம். ஒருத்தர் சத்தமாப் படிக்கணும், மத்தவங்க கேட்கணும். தமிழ் மீடியத்துல வந்தவங்களுக்கு அவரே நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொல்வார்.

கதை தெரியாதவங்களுக்கு ரெண்டு வரியில சொல்லிடுறேன். போர்க்காலம். பள்ளிப் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போன விமானம் விழுந்துடுது. ஆள் இல்லாத தீவு. பெரியவங்க ஒருத்தர் கூட உயிரோட இல்லை. பையன்கள் மட்டும். அதுல ரால்ஃப்னு ஒருத்தன், நல்லவன், தலைவன். ஜாக்னு ஒருத்தன், வேட்டைக்காரன். பிக்கின்னு ஒருத்தன். குண்டான உடம்பு, ஆஸ்துமா, கண்ணாடி இல்லேன்னா எதுவும் தெரியாது. ஆனா அந்தத் தீவுலேயே அதிகமா அறிவு இருக்கிறவன் அவன்தான். அவன் கண்ணாடியிலதான் வெயிலைக் குவிச்சு நெருப்பு மூட்டுறாங்க.

இந்த இடத்துல எங்க குழுவுல இருந்த இயற்பியல் மாணவி கையைத் தூக்கிட்டாங்க. "சார், பிக்கிக்குக் கிட்டப்பார்வை. அதுக்குப் போடுறது குழிலென்ஸ். குழிலென்ஸ் வெயிலைச் சிதறடிக்குமே தவிர குவிக்காது. இந்த நெருப்பு பத்தவே பத்தாது!" (சிரிப்பு) உண்மைதான் ஐயா. உலகமே பேசுற தப்பு அது. பேராசிரியர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "கோல்டிங்குக்கு நோபல் பரிசு 1983ல கொடுத்தாங்கம்மா. நல்லவேளை, இலக்கியத்துக்குக் கொடுத்தாங்க." (பலத்த சிரிப்பு)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எதிரணி சொல்றாங்க, அந்தத் தீவுல சட்டம் இல்லேன்னு. யார் சொன்னா? முதல் அத்தியாயத்துலேயே தேர்தல் நடக்குது ஐயா. கையைத் தூக்கி ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறாங்க. ஒரு சங்கு கிடைக்குது. சங்கு யார் கையில இருக்கோ அவங்கதான் பேசலாம், மத்தவங்க குறுக்கே பேசக் கூடாது. இந்த மாதிரி ஒரு சட்டம் நம்ம அரங்கத்துலயே கிடையாது!

நடுவர்: தம்பி, அந்தச் சங்கு எங்க கிடைக்கும்னு கேட்டுச் சொல்லுங்க. எனக்கு அவசரமா ஒண்ணு தேவைப்படுது. (பலத்த சிரிப்பு)

கண்டிப்பா வாங்கித் தர்றேன் ஐயா. (சிரிப்பு) சங்குச் சட்டம் இருந்துச்சு. நெருப்பு அணையாமப் பார்த்துக்கணும்னு சட்டம் இருந்துச்சு. இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. "நமக்கு நிறைய விதிகள் வேணும், மீறினா தண்டனை வேணும்"னு முதல்ல குதிச்சவன் யார் தெரியுமா? நல்லவன் ரால்ஃப் இல்லை. பின்னாடி எல்லாரையும் வேட்டையாடுறானே, அந்த ஜாக்! தடி எடுத்தவன் தண்டல்காரன் ஆகணும்னா, முதல்ல அவனுக்கு ஒரு சட்டம் தேவைப்படுது ஐயா. (கைதட்டல்)

சரி, பயம் இல்லையா அந்தத் தீவுல? பயம்தான் அங்கே ராஜா. காட்டுக்குள்ள ஏதோ மிருகம் இருக்குன்னு ராத்திரி பூரா பயம். ஜாக் அடிப்பான்னு பகல் பூரா பயம். அந்தப் பயத்துலதான் இருட்டுல வட்டமா நின்னு ஆடுறாங்க. அந்த வட்டத்துக்குள்ள தடுமாறி வந்த சைமன்ங்கற பையனை, மிருகம்னு நினைச்சு அடிச்சே கொன்னுடுறாங்க. பயம் இருந்தா மனுஷன் ஒழுங்கா இருப்பான்னா, அந்தத் தீவுல எல்லாரும் புத்தரா இருந்திருக்கணுமே!

ஆனா ஐயா, எதிரணிக்கு நான் அநியாயம் செய்ய மாட்டேன். அந்தக் கதையில அவங்க சொல்லாம விட்ட ஒரு நல்ல பாயிண்ட் இருக்கு. அதையும் நானே சொல்லிடுறேன். ரோஜர்னு ஒரு பையன். மணல்ல விளையாடுற ஒரு குட்டிப் பையன் மேல கல்லு எறியுறான். ஆனா ஒரு கல்லும் படலை. படாத மாதிரி எறியுறான். ஏன்? ஊர்ல அப்பா அம்மா, பள்ளிக்கூடம், போலீஸ், சட்டம்... இதெல்லாம் பழகின கை அது. அந்தப் பழக்கம் கையைத் தடுக்குது. "பார்த்தீங்களா, சட்டம்தானே காப்பாத்துச்சு"ன்னு நீங்க கேட்கலாம்.

நானும் அதைத்தான் கேட்டேன், அந்த நாலாவது சனிக்கிழமை. பேராசிரியர் பதில் சொல்லலை. "பதினொண்ணாவது அத்தியாயம் வரைக்கும் பொறு"ன்னார். பதினொண்ணாவது அத்தியாயத்துல அதே ரோஜர், அதே கை, ஒரு பெரிய பாறையை நெம்பி உருட்டிவிடுது. பிக்கி செத்துப் போறான். அவன் கையில இருந்த சங்கு தூள் தூளாப் போகுது. ஊர்ல இருக்கிற போலீஸோட நினைப்பு கொஞ்ச நாள் அந்தக் கையைத் தடுத்துச்சு. நினைப்பு மங்கினதும் விட்டுடுச்சு. பயம் கடன் வாங்கின பணம் மாதிரி ஐயா, தீர்ந்து போகும். "அந்தக் குட்டிப் பையனும் என்னை மாதிரி அம்மாவைத் தேடுறவன்தானே"ன்னு ஒரு ஈரம் இருந்திருந்தா, அது தீர்ந்திருக்காது. (கைதட்டல்)

"தம்பி, இது கதை. கதையில எப்படி வேணும்னாலும் எழுதலாம்"னு சொல்வீங்க. சரி, உண்மையை எடுத்துக்குவோம். பசிபிக் பெருங்கடல்ல டோங்கான்னு ஒரு நாடு. 1965ல அங்கே விடுதிப் பள்ளியில படிச்ச ஆறு பசங்க, பள்ளிக்கூடம் போரடிக்குதுன்னு ஒரு மீன்பிடிப் படகைச் சொல்லாம எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. 'சொல்லாம எடுத்துக்கிட்டு'ங்கறதுக்கு வழக்கறிஞர் அம்மா வேற பேரு வச்சிருப்பாங்க. (சிரிப்பு) ராத்திரி புயல். பாய் கிழிஞ்சது, சுக்கான் உடைஞ்சது. எட்டு நாள் கடல்ல மிதந்து, அடான்னு ஒரு ஆளில்லாத தீவுல கரை ஒதுங்கினாங்க.

அங்கே எத்தனை நாள் இருந்தாங்க தெரியுமா? பதினஞ்சு மாசம்! பெரியவங்க கிடையாது, போலீஸ் கிடையாது. கோல்டிங் கதையே நடக்கப் போகுதுன்னுதானே நினைப்பீங்க? 1966 செப்டம்பர்ல பீட்டர் வார்னர்னு ஒரு ஆஸ்திரேலியக் கப்பல் கேப்டன் அவங்களைக் கண்டுபிடிச்சார். ஆறு பேரும் உயிரோட இருந்தாங்க. தோட்டம் போட்டிருந்தாங்க. மரத்தைக் குடைஞ்சு மழைத் தண்ணி பிடிச்சு வச்சிருந்தாங்க. ஒரு தடவை மூட்டின நெருப்பை அணைய விடாமக் காத்திருந்தாங்க. ஒரு பையன் வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டான். மத்தவங்க குச்சியையும் இலையையும் வச்சுக் கட்டுப் போட்டு, "நீ படுடா, உன் வேலையை நாங்க பார்த்துக்கிறோம்"னு பார்த்துக்கிட்டாங்க. எலும்பு ஒழுங்காக் கூடிடுச்சு.

அங்கேயும் சண்டை வந்துச்சு ஐயா. வராமலா? ஆறு ஆம்பளைப் பசங்க! சண்டை போட்டவங்க ஆளுக்கொரு மூலைக்குப் போயிடணும். கோபம் ஆறினதும் வந்து மன்னிப்புக் கேட்டுக்கணும். ரெண்டு ரெண்டு பேராப் பிரிஞ்சு வேலை செய்யணும். "அது சட்டம்தானே"ன்னு எதிரணி குதிக்கும். ஆமா, சட்டம்தான். ஆனா அதை மீறினா அடிக்கிறதுக்கு அங்கே யார் கையிலயும் தடி இல்லையே! ஒருத்தன் மேல ஒருத்தனுக்கு இருந்த அக்கறைதானே அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்துச்சு?

கடைசியில சட்டம் ஒண்ணு செஞ்சுது. ஊர் திரும்பினதும், படகைத் திருடினதுக்காக ஆறு பேரையும் பிடிச்சு ஜெயில்ல போட்டுச்சு. (பலத்த சிரிப்பு) அந்தக் கேப்டன்தான் படகுக்காரருக்குப் பணம் கட்டி வெளியே கூட்டிட்டு வந்தார். ஆக உள்ளே போட்டது சட்டம், வெளியே கொண்டு வந்தது மனத்தின் ஈரம்! (நீண்ட கைதட்டல்)

ஐயா, இதோட நான் முடிச்சிருக்கலாம். கை தட்டிட்டீங்க, சந்தோஷமாப் போய் உட்கார்ந்திருக்கலாம். ஆனா நான் இந்த மேடைக்கு வந்தது டோங்கா பசங்களைப் பத்திப் பேச இல்லை. என்னைப் பத்திச் சொல்ல வந்தேன். சொல்லலாமா ஐயா?

நடுவர்: சொல்லுங்க தம்பி. தாராளமா.

அந்த முதல் சனிக்கிழமை. முதல் அத்தியாயத்தைச் சத்தமாப் படிச்சவன் நான். நான் வகுப்புப் பிரதிநிதி, கொஞ்சம் இங்கிலீஷ் வரும், அதனால என்னைப் படிக்கச் சொன்னாங்க. அதுல ஒரு இடம். பிக்கி ரால்ஃப்கிட்ட ரகசியமாச் சொல்றான்: "என்னை என்ன வேணும்னாலும் கூப்பிடு. பள்ளிக்கூடத்துல கூப்பிட்ட அந்தப் பேரை மட்டும் கூப்பிடாதே." என்ன பேருன்னு ரால்ஃப் கேட்கிறான். 'பிக்கி'ன்னு சொல்றான். பன்னிக்குட்டின்னு அர்த்தம். மத்தவங்ககிட்ட சொல்லிடாதேன்னு கெஞ்சுறான். கொஞ்ச நேரத்துல எல்லாரும் கூடுறாங்க. ஜாக் அவனைக் குண்டான்னு திட்டுறான். உடனே ரால்ஃப், நம்ம நல்லவன் ரால்ஃப், "அவன் பேரு குண்டன் இல்லை, பிக்கி!"ன்னு கத்திடுறான். தீவே சிரிக்குது. பிக்கியைத் தவிர.

இதைப் படிக்கும்போது என் குரல் நின்னுடுச்சு ஐயா. எதிர்ல என் அறைத்தோழன் உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். ஒண்ணும் சொல்லலை. திரும்பப் புத்தகத்தைப் பார்த்துக்கிட்டான். அந்த அறையில பத்துப் பேர் இருந்தோம். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரிஞ்சது ரெண்டு பேருக்குத்தான்.

நாங்க விடுதியில சேர்ந்த முதல் நாள் ராத்திரி, புது இடம், தூக்கம் வரலை. பேசிக்கிட்டே இருந்தோம். அவன் அப்பா காய்கறி மார்க்கெட்ல மூட்டை தூக்குறவர். இவனும் கொஞ்சம் பெரிய உடம்பு. அதனால பள்ளிக்கூடத்துல இவனுக்குப் பேரு 'மூட்டை'. "பன்னிரண்டு வருஷம் அந்தப் பேரோட இருந்துட்டேன்டா. இங்க யாருக்கும் தெரியாது. நீ சொல்லிடாதே"ன்னான். "ச்சே, நான் போய் சொல்வேனா?"ன்னேன்.

மூணாவது நாள். மெஸ் வரிசையில தட்டை வச்சுக்கிட்டு நிக்கிறோம். சீனியர்ஸ் நாலு பேர் வந்தாங்க. ஒவ்வொருத்தனாப் பேரு கேட்டு, கிண்டல் பண்ணிக்கிட்டே வர்றாங்க. அவனைப் பார்த்து "டேய் குண்டா, உன் பேர் என்ன?"ன்னாங்க. அடுத்தது நான். என் முறை வரப்போகுது. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "குண்டன் இல்லண்ணே, அவன் பேரு மூட்டை!"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. சீனியர்ஸ் என் தோள்ல தட்டிட்டுப் போயிட்டாங்க. என்கிட்ட எதுவுமே கேட்கலை. நான் தப்பிச்சுட்டேன்.

ஐயா, நான் கெட்டவன்னு நினைச்சு அதைச் செய்யலை. பயத்துல செஞ்சேன். பயம் என்னை ஒழுக்கமா நிறுத்தலை. என் நண்பனை முன்னால தள்ளிவிட்டுட்டு ஒளிஞ்சுக்க வச்சுது. அதனாலதான் இந்தத் தலைப்பைக் கேட்டதும், எந்த அணின்னு நான் யோசிக்கவே இல்லை.

எதிரணித் தலைவர் ராகிங் தடைச் சட்டத்தைப் பத்திப் பேசினார். 1996ல நம்ம தமிழ்நாட்டுல ஒரு மருத்துவ மாணவர் கொலை செய்யப்பட்ட பிறகு, 1997ல நாமதான் சட்டம் கொண்டு வந்தோம். 2009லிருந்து பல்கலைக்கழக மானியக் குழுவோட விதிகளும் இருக்கு. மாணவனும் கையெழுத்துப் போடணும், பெத்தவங்களும் போடணும். ரொம்பத் தேவையான சட்டம் ஐயா. அது எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கும். அது வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன். நானும் அந்த உறுதிமொழியில கையெழுத்துப் போட்டேன். எங்கப்பாவும் போட்டார். போட்ட அந்த வாரமே மெஸ் வரிசையில நின்னு நான் அந்தப் பேரைச் சொன்னேன். கேலி பேசுறதும் குத்தம்னு அதுல இருக்கு. ஆனா நான் செஞ்சது ராகிங்னு எனக்குத் தோணவே இல்லையே! வெறும் தமாஷ்னுதானே நினைச்சேன்? என் கைக்குத் தெரிஞ்ச சட்டம் என் வாய்க்குத் தெரியலை.

மூட்டைங்கற பேரு ஒட்டிக்கிச்சு. எங்க கல்லூரியில வருகைப் பதிவு எண்ணைச் சொல்லித்தான் எடுப்பாங்க. அதனால அவன் பேரு பதிவேட்டுல இருந்துச்சு, யார் வாயிலயும் இல்லை. ஜூனியர்ஸ் வந்தாங்க, அவங்களுக்கு அவன் 'மூட்டை அண்ணன்'. அவனும் சிரிச்சுக்கிட்டே திரும்புவான். நாங்க என்ன நினைச்சோம்? அவனுக்கு அது பழகிடுச்சுன்னு நினைச்சோம்.

ஒன்பதாவது சனிக்கிழமைக்கு அப்புறம் ஒரு நாள். நல்ல மழை. அவன் அப்பா விடுதி வாசலுக்கு வந்தார். மகனுக்குக் குளிருமேன்னு ஒரு போர்வை, ஒரு மஞ்சப்பையில முறுக்கு. அன்னிக்கு அவன் போன் ரிப்பேர்ல கிடந்தது. அவர் வாசல்ல நின்ன பசங்ககிட்ட மகன் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கார். "அப்படி யாரும் இங்க இல்லையே"ன்னுட்டாங்க. பொய் சொல்லலை ஐயா. அவங்களுக்கு நிஜமாவே தெரியலை! அடுத்து வந்தவனும் தெரியலைன்னான். ரெண்டு மணிக்கு வந்தவர். தான் பெத்து, பேரு வச்ச பிள்ளையை, அந்தப் பேரைச் சொல்லித் தேடிக்கிட்டு, ஆறு மணி வரைக்கும் வாசல்லயே நின்னார்.

கடைசியா ஒரு பையன், "கண்ணுக்கு அடையாளம் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கான். சொல்லியிருக்கார். "ஓ, மூட்டையா!"ன்னிருக்கான். அவர் ஒரு நிமிஷம் பேசலையாம். அப்புறம் சிரிச்சாராம். "ஆமா தம்பி. மூட்டை தூக்குறவன் மகன்தான். கொஞ்சம் கூப்பிடுங்க"ன்னாராம்.

(அரங்கில் அமைதி)

அந்த வழியா வந்த பேராசிரியர் இதைக் கேட்டுட்டார். ராத்திரி எங்க அறைப்பக்கம் வந்து, "யாருடா இந்தப் பேரை ஆரம்பிச்சது?"ன்னு கேட்டார். நான் நின்னுக்கிட்டிருக்கேன். அவன் பக்கத்துல நின்னுக்கிட்டிருக்கான். நான் சொன்னேன், "தெரியலை சார். நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

அவன் என்னைக் காட்டிக் கொடுக்கலை.

அந்த வாரச் சனிக்கிழமை பத்தாவது அத்தியாயம். சைமனைக் கொன்ன மறுநாள் காலை. எல்லாரும் அந்த வட்டத்துல நின்னவங்கதான், எல்லாருக்கும் அதுல பங்கு இருக்கு. ஆனா இரட்டைப் பிள்ளைங்க ரெண்டு பேர் வந்து, நாங்க களைச்சுப் போய் முன்னாடியே கிளம்பிட்டோம்னு சொல்றாங்க. பிக்கியும் அது ஒரு விபத்துன்னு சொல்லப் பார்க்கிறான். ரால்ஃப் ஒருத்தன்தான் அதைக் கொலைன்னு வாய்விட்டுச் சொல்றான். அதைப் படிச்சப்ப எங்க பத்துப் பேர்ல ஒருத்தி, "சே, எப்படி சார் இப்படிக் கூசாமப் பொய் சொல்றாங்க?"ன்னா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

பன்னிரண்டாவது சனிக்கிழமை. கதை முடியுது. கடற்படை அதிகாரி வந்து காப்பாத்துறார். அவரே போர்க்கப்பல்ல வந்தவர், அது வேற விஷயம். ரால்ஃப் குமுறிக் குமுறி அழுறான், செத்துப் போன நண்பனை நினைச்சு. புத்தகத்தை மூடினோம். பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பிக்கியோட உண்மையான பேர் என்ன?"

எல்லாரும் பக்கத்தைப் புரட்டினோம். முதல் அத்தியாயத்துல இருந்து தேடினோம். கிடைக்கலை ஐயா. அந்த நாவல்ல எங்கேயுமே கிடையாது. கோல்டிங் சொல்லவே இல்லை. ஏன்னா அந்தத் தீவுல யாரும் அவன்கிட்ட அதைக் கேட்கவே இல்லை!

நான் எழுந்து நின்னேன். கால் நடுங்குச்சு. "சார், அது எனக்குத் தெரியாது. ஆனா இன்னொருத்தன் பேரு தெரியும்"னு, என் அறைத்தோழனோட பேரை முழுசா, அவன் அப்பா பேரோட சேர்த்துச் சொன்னேன். மெஸ் வரிசையில நடந்ததைச் சொன்னேன். உங்ககிட்ட சொன்ன பொய்யைச் சொன்னேன். "டேய், மன்னிச்சுடுடா"ன்னேன்.

நடுவர்: அந்தத் தம்பி என்ன சொன்னார்?

"சரிடா"ன்னான் ஐயா. அவ்வளவுதான். அந்த 'சரி' மன்னிப்பான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ராத்திரி அறையில நான் கேட்டேன், "ஏன்டா நீ அன்னிக்கே சார்கிட்ட சொல்லலை?" அவன் சொன்னான்: "சொல்லியிருந்தா உன்னை வேற ரூமுக்கு மாத்தியிருப்பாங்க. எனக்கு இங்க வேற யாருடா இருக்கா?"

(நீண்ட கைதட்டல்)

ஐயா, என்னை மாத்தினது எது? எனக்கு எதிரா ஒரு சாட்சி கிடையாது, ஒரு புகார் கிடையாது. சட்டம் என்னைத் தேடி வந்திருக்கவே முடியாது. அவன் என்னைக் காட்டிக் கொடுக்காம நின்னானே, அந்த ஈரம்தான் என்னைக் குத்துச்சு. ஒரு தண்டனை கொடுத்திருந்தா அதை அனுபவிச்சுட்டு, கணக்கு முடிஞ்சதுன்னு போயிருப்பேன்.

வள்ளுவர் இதைத் தெரிஞ்சுதான் அதிகாரங்களை அடுக்கி வச்சிருக்கார் போல. பொருட்பால்ல, அரசனுக்குச் சொல்ற இடத்துல, செங்கோன்மை சொல்லி, கொடுங்கோன்மை சொல்லி, அப்புறம் 'வெருவந்த செய்யாமை'ன்னு ஒரு அதிகாரம். குடிகளைப் பயமுறுத்தி ஆளாதேன்னு அர்த்தம். அதை முடிச்ச கையோட அடுத்த அதிகாரம் என்ன தெரியுமா? கண்ணோட்டம்! இரக்கத்தோட பார்க்கிறது. சட்டம் போடுற அரசனுக்கே, பயமுறுத்தாதே, ஈரத்தோட பாருன்னு ரெண்டாயிரம் வருஷமா ஒரு புத்தகம் சொல்லிக்கிட்டிருக்குன்னா, இந்த வழக்குல நீங்க என்ன தீர்ப்புச் சொல்லணும்னு நான் சொல்லித்தானா தெரியணும்? (கைதட்டல்)

கடைசியா ஒண்ணு. இந்த மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி அவன்கிட்ட கேட்டேன். "உன் பேரை டி.வி.யில சொல்லட்டுமாடா?"ன்னு. "வேண்டாம்டா. நம்ம ஹாஸ்டல்ல சொன்னாப் போதும்"னான். அதனால சொல்லலை. ஆனா ஐயா, இன்னிக்கு எங்க விடுதி வாசலுக்கு அவன் அப்பா வந்து, மகன் பேரைச் சொல்லட்டும். கேட்ல நிக்கிற முதல் பையனே அறை எண்ணைச் சொல்லுவான். சொல்றது மட்டும் இல்லை, அவர் கையில இருக்கிற பையை வாங்கிக்கிட்டு மாடிக்குக் கூட்டிட்டு வருவான்.

அப்படிக் கூட்டிட்டு வரணும்னு எங்க விடுதியில யாரும் சட்டம் போடலை. ஆகவே, மனிதனை மனிதனாக வைத்திருப்பது மனத்தின் ஈரமே, ஈரமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.

(பலத்த கைதட்டல்)